ஈரலைப் பிரித்தறிந்த வரலாறு

மனித உடலின் உள்ளுறுப்புக்களில் ஈரலைப் போலப் பெருமதிப்பையும் பெருமயக்கத்தையும் ஒருங்கே பெற்ற உறுப்பு வேறொன்றில்லை எனலாம். பேரச்சம் கொண்டவன் “ஈரக்குலை நடுங்கிற்று” என்கிறான். வயது வந்தவர்களின் உடலில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுடன், வலப்புற விலாவின் அடியில் ஓசையின்றிக் கிடக்கும் இவ்வுறுப்பு, உண்ட உணவின் சத்தைச் சேமிக்கிறது, நஞ்சை முறிக்கிறது, பித்தநீரைச் சுரக்கிறது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குகிறது. இத்தனை தொழில்களையும் செய்வோர் யார்? ஒரே வகைத் தொழிலாளரா, பல வகையினரா? நோய் வந்துற்றபோது கெடுபவர் எவர், கெடுப்பவர் எவர்? இவ்வினாக்களுக்கு விடை காண மனித குலத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றை நம்மவர் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில், காய்ச்சலாலும் காமாலையாலும் கள்ளாலும் சாராயத்தாலும் மாண்டுபோனவர் இல்லாத தோட்டம் இந்நாட்டில் இருந்ததில்லை.

குறி பார்த்த காலம்

பண்டைப் பாபிலோனியர் ஆட்டை அறுத்து அதன் ஈரலில் வருங்காலத்தைப் பார்த்தனர். அரசன் போருக்குப் போகலாமா, நோயாளி பிழைப்பானா என்பவற்றை ஈரலின் மேட்டிலும் பள்ளத்திலும் படித்தனர். அக்கலையைக் கற்பிக்க அவர்கள் களிமண்ணாற் செய்த ஈரல் ஒன்று, கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குறி எழுதப்பட்டு, இன்றும் இலண்டன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. இத்தாலியில் பியாசென்சா நகருக்கு அருகே 1877-ம் ஆண்டில் கிடைத்த வெண்கல ஈரலில் தெய்வங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான ஈரல்களைக் கையிலெடுத்துப் பார்த்த அப்பூசாரிகளில் ஒருவரேனும், “இவ்வுறுப்பு இவ்விலங்குக்கு என்ன செய்து கொடுத்தது?” என்று கேட்டதாகத் தெரியவில்லை. தேடாத பொருள் கண்ணெதிரே கிடப்பினும் தென்படுவதில்லை.

பின்னர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் விளங்கிய காலன் என்னும் கிரேக்க வைத்தியர், உணவுச் சாறு ஈரலை அடைந்து அங்கே இரத்தமாக மாறுகிறது என்றார். அவர் சொல் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் வேதவாக்காக நின்றது. 1628-ம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹார்வி, இரத்தம் ஓயாது சுற்றி வருவது என்று காட்டியபோது அவ்வாக்கு ஆட்டங்கண்டது. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் பார்த்தோலின், உணவுச் சாறு ஈரலுக்குச் செல்லாமல் வேறு நாளங்கள் வழியே செல்வதைக் கண்டு, 1653-ம் ஆண்டில் ஈரலுக்கு வேடிக்கையாகக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். இரத்தத்தின் அரசு என்று போற்றப்பட்ட உறுப்பு அன்றோடு இறந்துபட்டதாம்! அந்த வேடிக்கையிலும் ஒரு பிழை இருந்தது. ஒரு தொழில் பொய்யாயிற்று என்பதனால் உறுப்பே வீண் என்பது எங்ஙனம்? அடுத்த ஆண்டே கிளிசன் என்னும் ஆங்கிலேயர் ஈரலின் அமைப்பைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். இறந்ததாகச் சொல்லப்பட்ட உறுப்பு எழுந்து நின்றது.

கண்ணாடி காட்டிய உலகம்

1664-ம் ஆண்டில் வெப்ஃபர் என்பார் பன்றி ஈரலைக் கூர்ந்து நோக்கி, அது ஒரே கட்டியன்று, எண்ணிறந்த சிறு கூறுகளின் தொகுதி என்று கண்டார். இரண்டாண்டுகட்குப் பின் இத்தாலியப் பேரறிஞர் மால்பீகி நுண்பெருக்கிக் கண்ணாடியின் துணையால் அதனை விரித்துரைத்தார். அக்கூறுகளும் இன்னும் நுண்ணிய உயிரணுக்களால் ஆனவை என்பது, எல்லா உயிர்களும் அணுக்களால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 1839-ம் ஆண்டுகளில் நிறுவிய பிறகே தெளிவாயிற்று. 1858-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ, நோய் என்பது உடல் முழுவதையும் பற்றும் ஏதோ ஒரு தீயநீர் அன்று. அது உயிரணுக்களில் நேரும் கேடு என்று நூல் எழுதினார். வைத்தியத்தின் வரலாற்றை அந்நூல் இரண்டாகப் பிளந்தது எனில் மிகையாகாது. நோயைக் கிரகத்திலும் வினைப்பயனிலும் தேடிய கண், அணுவில் தேடத் தொடங்கியது.

இதற்கு முன்னரே 1819-ம் ஆண்டில், பிரெஞ்சு வைத்தியர் லென்னெக், சுருங்கி இறுகி முடிச்சு முடிச்சாகிப் பழுப்பேறிய ஈரலைக் கண்டு, அந்நோய்க்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டிருந்தார். பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. குடியர்களின் வயிற்றைப் பானை போல் வீங்கச் செய்து கொல்லும் நோய் இதுவே. ஈரலெங்கும் பரவிய அந்த வடுவை ஆக்கியது எது? லென்னெக்கிற்குத் தெரியாது. அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு வரை எவருக்கும் திண்ணமாகத் தெரியாது.

ஈரலை உயிரோடு ஆராயும் வழியைத் திறந்தவர் பாரிஸ் நகரத்துக் குளோட் பெர்னார்ட் ஆவார். 1855-ம் ஆண்டில் அவர், இறைச்சி மட்டுமே உண்ட நாயொன்றின் ஈரலை எடுத்து, அதன் இரத்த நாளத்தின் வழியே நீரைப் பாய்ச்சி, வெளிவரும் நீரில் இரத்தமும் சர்க்கரையும் அறவே இல்லாது போகுமட்டும் கழுவினார். மறுநாள் சோதித்தபோது அந்த ஈரலில் மீண்டும் சர்க்கரை இருந்தது! உடலை விட்டு நீங்கிய உறுப்பு தன்னுள்ளிருந்தே சர்க்கரையை ஆக்கியிருந்தது. 1857-ம் ஆண்டில் அச்சர்க்கரைக்கு மூலமான கிளைக்கோஜனையும் அவர் பிரித்தெடுத்தார். நாளத்தின் வழியே நீர் பாய்ச்சிக் கழுவும் இம்முறையை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும். நூறாண்டுகளுக்குப் பின் ஈரலின் பூட்டைத் திறந்த திறவுகோல் அதுவே.

பெயர் மாறிய அணு

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. அறிவியலாரும் இதற்கு விலக்கல்லர். 1876-ம் ஆண்டில் கூப்ஃபர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர், ஈரலில் நரம்பிழைகளைத் தேடி, பொற்குளோரைடு என்னும் உப்பினால் ஈரற் சீவல்களுக்கு நிறமேற்றினார். அவர் தேடியது நரம்பு. தோன்றியது நட்சத்திர வடிவில் கரங்களை நீட்டிய அணுக்கள். அவற்றுக்கு நட்சத்திர அணுக்கள் என்று பெயரிட்டார். அஃது உண்மையான கண்டுபிடிப்பு. ஆயின் இருபதாண்டுகட்குப் பின், இரத்த நாளத்தின் உட்சுவரில் அமர்ந்து அயற்பொருள்களை விழுங்கும் வேறொரு வகை அணுவைக் கண்டபோது, இதுவும் தாம் முன்னர்க் கண்டதும் ஒன்றே என்று அவர் முடிவுகட்டினார். விழுங்கும் அணுவின் இயல்பைப் போலந்து அறிஞர் பிரோவிச் 1898-ம் ஆண்டிலேயே சரியாக எடுத்துரைத்திருந்தும், கூப்ஃபரின் புகழே வென்றது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அவர் முதலிற் கண்ட நட்சத்திர அணு மறக்கப்பட்டது.

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் இத்தோ, ஈரலில் கொழுப்புத் துளிகளைச் சேர்த்து வைக்கும் அணு ஒன்றைப் புதிதாகக் கண்டதாக அறிவித்தார். 1971-ம் ஆண்டில் மற்றொரு ஜப்பானியர் கென்ஜிரோ வாக்கே, கூப்ஃபர் செய்தவாறே பொன்னுப்பைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார். கூப்ஃபரின் நட்சத்திரமும் இத்தோவின் கொழுப்பணுவும் ஒன்றேயென்றும், விழுங்கும் அணு முற்றிலும் வேறென்றும், நட்சத்திர அணு வைட்டமின் ஏ என்னும் சத்தைச் சேமிப்பதென்றும் அவர் காட்டினார். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுப் பிழை அன்று நீங்கிற்று. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல், அவர் செய்த சோதனையையே திரும்பச் செய்து பார்ப்பதுதான் அறிவியலின் நெறி. குருவை மறுப்பது குருத்துரோகம் ஆகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரும்பை ஊட்டிய அறிஞர்

இங்கே ஒரு பேருண்மை புலனாகிறது. சீவலாக அறுத்துச் சாயமேற்றிப் பார்ப்பதனால் மட்டும் ஓர் அணு என்ன செய்கிறது என்பதை அறிய முடியாது. கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பது வேறு, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, “உன் தொழில் யாது?” என்று விசாரிப்பது வேறு. அணுவை உயிரோடு தனியே பிரித்தால்தான் அவ்விசாரணை கூடும்.

இதனை வியத்தகு முறையிற் செய்து காட்டியவர் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பெய்ட்டன் ரௌஸ் ஆவார். கட்டிகளை உண்டாக்கும் நச்சுயிரைக் கண்டமைக்காக 1966-ம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அதே ரௌஸ்தான். 1934-ம் ஆண்டில் அவரும் பியர்டு என்னும் துணைவரும், காந்தத்தால் ஈர்க்கத்தக்க மிக நுண்ணிய இரும்புத் துகளைப் பிராணிகளின் இரத்தத்திற் செலுத்தினர். விழுங்கும் அணுக்கள் தம் இயல்புப்படி அத்துகளை விழுங்கின. பிறகு ஈரலைக் கழுவி அணுக்களை வெளிக்கொணர்ந்து காந்தத்தைக் காட்டினர். இரும்பை உண்ட அணுக்கள் மட்டும் காந்தத்தின்பால் ஓடின, ஏனையவை நின்றன! அவ்வாறு பிரித்தவற்றை அவர்கள் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வளர்த்தும் பார்த்தனர். அணுவின் குணத்தையே அதனைப் பிடிக்கும் தூண்டிலாக்கிய இந்த யோசனை, பின்வந்த முறைகள் பலவற்றுக்கு முன்னோடி எனத் தகும்.

சுண்ணச் சத்தின் புதிர்

விழுங்கும் அணு சிறுபான்மையது. ஈரலின் பெருந்தொழிலாளி ஹெப்படோசைட் எனப்படும் ஈரலணுவேயாம். எலியின் ஈரலை அளந்து 1977-ம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, அதன் பருமனில் 78 விழுக்காடு இவ்வணுவே. நாள உட்சுவர் அணு 2.8, விழுங்கும் அணு 2.1, நட்சத்திர அணு 1.4 விழுக்காடே. எஞ்சியது பெரும்பாலும் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளி.

பெரும்பான்மையான அந்த ஈரலணுவைப் பிரிப்பது எளிதன்றோ எனலாம். அன்று. தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் ஈரலை நறுக்கியும், அரைத்தும், சல்லடையில் தேய்த்தும் பார்த்தனர். கண்ணாடியின் கீழ் முழு அணுக்கள் போலத் தோன்றியவை உண்மையில் மேற்றோல் கிழிந்து உள்ளிருந்த சத்தெல்லாம் கசிந்துபோன கூடுகள். உயிருள்ள அணுவின் தோல் சில சாயங்களை உட்புகவிடாது, இறந்தது விடும். எனவே திரைப்பான் நீலம் என்னும் சாயத்தைக் கலந்தால் நீலமாகிறவை பிணங்கள் என்று அறியலாம். அந்நாளைய கலவைகளில் பெரும்பாலானவை இச்சோதனையில் தோற்றன.

ஈரலணுக்களை ஒன்றோடொன்று பிணிப்பவை இரண்டு. ஒன்று, அணுவுக்கும் அணுவுக்கும் இடையேயுள்ள மூட்டுக்கள். அவை கால்சியம் என்னும் சுண்ணச் சத்தின்றி நில்லா. மற்றொன்று, கொலாஜன் என்னும் நாரிழை. தோலையும் தசைநாணையும் உறுதியாக்குவதும் இதுவே. இவ்விழையை அறுக்கும் வாள் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. போர்க்களப் புண்களை அழுகச் செய்து மனிதரைக் கொல்லும் கிளாஸ்டிரிடியம் இனத்து நுண்கிருமியொன்று, தசையைத் துளைத்துப் பரவுவதற்காகக் கொலாஜனேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. நியூயார்க்கில் பணியாற்றிய ஐனெஸ் மாண்டில் அம்மையாரும் துணைவரும் அந்நொதியைப் பற்றிய ஆராய்ச்சியை 1953-ம் ஆண்டில் வெளியிட்டனர். வியன்னாவிற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அயர்லாந்தில் இரசாயனம் பயின்று அமெரிக்கா சேர்ந்தவர் அவ்வம்மையார். கிருமியின் கொலைக்கருவி ஆராய்ச்சியாளரின் கைக்கருவியாயிற்று.

1967-ம் ஆண்டில் ஹோவர்டு முதலியோர் ஈரற் சீவல்களை இந்நொதியில் ஊறவைத்து உயிருள்ள அணுக்களைப் பெற்றனர். முறை நன்று; விளைவு சொற்பம். 1969-ம் ஆண்டில் பெர்ரி, பிரெண்டு என்னும் இருவர், நொதிநீரை வெளியே ஊற்றாமல் ஈரலின் இரத்த நாளத்தின் வழியாகவே உள்ளே பாய்ச்சினர். குளோட் பெர்னார்டின் பழைய வழிதான். ஈரலில் எந்த அணுவும் நாளத்திலிருந்து தொலைவில் இல்லை. ஆகவே இரத்தம் செல்லுமிடமெல்லாம் நொதியும் சென்றது. ஈரலணுக்களில் ஏறத்தாழப் பாதி முழுமையாகக் கைக்கு வந்தன.

நார்வே நாட்டுச் செக்லன் 1970-களில் இதனை மேலும் செம்மை செய்தார். மூட்டுக்களை நெகிழ்த்தக் கால்சியத்தை நீக்க வேண்டும். ஆனால் கொலாஜனேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும்! இப்புதிரை அவர் இரண்டு படிகளால் அவிழ்த்தார். முதலிற் கால்சியமற்ற நீரைப் பாய்ச்சி மூட்டுக்களை நெகிழ்த்துதல். பின்னர்க் கால்சியத்தோடு நொதியைப் பாய்ச்சி இழைகளை அறுத்தல். முன்னர் நெகிழ்ந்த மூட்டு, கால்சியம் திரும்பி வந்தாலும் மீண்டும் பூட்டிக் கொள்வதில்லை. உலகெங்கும் இன்றுவரை கையாளப்படும் முறை இவ்விரு படி முறையே.

செய்கை வருமாறு: மயக்கமூட்டப்பட்ட எலியின் வயிற்றைத் திறந்து, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொணரும் பெருநாளத்தில் நுண்குழாயைச் செருகுவர். உடற்சூட்டளவான 37 பாகைச் சூட்டில், பிராணவாயு கலந்த நீர் பாயும். செந்நிற ஈரல் சில நொடிகளில் வெளிறும். அடுத்து நொதிநீர் பாய்ந்த சில நிமிஷங்களில் ஈரல் தளர்ந்து, தன் மேலுறைக்குள்ளேயே குழைந்துவிடும். அதனைக் குளிர்ந்த நீரில் இட்டு உறையைக் கிழித்து மெல்ல அலைத்தால், அணுக்கள் புகைபோல் நீரிற் பரவும். சற்றே முரட்டுக் கை பட்டாலும் அவை மாளும். இவ்வேலைக்குக் கல்வியோடு கைப்பக்குவமும் வேண்டும்.

புடைத்தலும் கொழித்தலும்

இனி, கலந்து கிடக்கும் அணுக்களை வகைப்படுத்துவது எங்ஙனம்? தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. மரத்திலிருந்து கொணர்ந்த ரப்பர்ப் பாலைச் சல்லடையில் வடிகட்டித் தூசியும் கட்டியும் நீக்குவதையும், அப்பாலைச் செறிவாக்கச் சுழல் யந்திரத்தில் விடுவதையும் அவர்கள் அறிவர். இங்கும் அதுவே நிகழ்கிறது. அணுநீரை நுண்ணிய வலையில் வடித்துச் சுழல் யந்திரத்தில் மிக மெல்லச் சுழற்றினால், ஈரலணு உருவிற் பெரியதாகையால் சில நிமிஷங்களில் அடியிற் படியும். சிறிய அணுக்கள் மேல்நீரில் நிற்கும்.

அச்சிறியவற்றைப் பிரிக்கவே பல தந்திரங்கள் பிறந்தன. புரோனேஸ் என்னும் மற்றொரு நொதியை ஊட்டினால் ஈரலணுக்கள் அழியும். சிறுவகை அணுக்கள் தாங்கி நிற்கும். விழுங்கும் அணுக்கள் வளர்ப்புக் கலத்தில் விரைந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டாதவற்றைக் கழுவிவிடலாம். 1976-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் நூக்கும் சிலைஸ்டரும், சுழலும் விசைக்கு எதிராக நீரோட்டத்தைச் செலுத்தி, பருமனுக்கேற்ப அணுக்களை ஒவ்வொன்றாகக் கொழித்தெடுத்தனர். முறத்தில் அரிசியும் குருணையும் தவிடும் தனித்தனியே ஒதுங்குவது போன்றதே இதுவும்.

நட்சத்திர அணுவைப் பிடிக்க அதன் சேமிப்பே உதவிற்று. வைட்டமின் ஏ கலந்த எண்ணெய்த் துளிகள் உள்ளே நிறைந்திருப்பதால் அது ஏனையவற்றினும் இலேசானது. அடர்த்தி மிகுந்த திரவத்தின் அடியில் கலவையை இட்டுச் சுழற்றினால், மற்றவை கீழே தங்க, அது மேலே மிதந்து வரும்.

பிற்காலத்தில் இன்னும் நுட்பமான முறைகள் வந்தன. ஒவ்வோர் அணுவகையும் தன் மேற்றோலில் தனக்கேயுரிய அடையாளப் பொருள்களைத் தாங்கியுள்ளது. கோலரும் மில்ஸ்டீனும் 1975-ம் ஆண்டில், ஓர் அடையாளத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளை வேண்டுமளவு செய்யும் வழியைக் கண்டனர். அவ்வெதிர்ப்பொருளோடு நுண்காந்த மணியைப் பிணைத்துக் காந்தத்தால் இழுக்கின்றனர். அல்லது ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அணுக்களை ஒற்றை வரிசையாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு, ஒளிர்வனவற்றை யந்திரம் பிரித்தெடுக்கிறது. ரௌஸ் வாயால் ஊட்டிய இரும்பை, இவர்கள் தோலில் ஒட்டுகிறார்கள், வேறுபாடு அவ்வளவே.

வடுவை ஆக்கியது எது?

இத்தனை பாடும் எதன் பொருட்டு? லென்னெக்கின் பழைய வினாவுக்கு விடை காணும் பொருட்டே. ஈரலில் வடுவுக்கு மூலமான கொலாஜனை ஆக்குவது எந்த அணு? பெருந்தொழிலாளியான ஈரலணுவே குற்றவாளி என்று பலர் நம்பினர். பிரித்தெடுத்த அணுவகைகளைத் தனித்தனியே வைத்து, அவை ஆக்கும் கொலாஜனை அளந்தனர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர். 1985-ம் ஆண்டில் பிரீட்மனும் துணைவரும் வெளியிட்ட முடிவு இது: கொலாஜனை முதன்மையாக ஆக்குவது நட்சத்திர அணு. பருமனில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதானும் இல்லாத சிறுபான்மை அணு! கள்ளோ சாராயமோ காமாலை நச்சுயிரோ ஈரலை ஓயாமல் வருத்தும்போது, இவ்வணு தன் வைட்டமின் சேமிப்பை இழந்து, உருமாறிப் பெருகி, வடுவை நெய்யத் தொடங்குகிறது. புண்ணை ஆற்ற வந்தது அளவு மீறிப் புண்ணினும் கொடியதாகிறது.

முறையின் குறைகளையும் மறைத்தலாகாது. தனித்த நட்சத்திர அணு, வளர்ப்புக் கலத்தின் கடினமான தரையில் சில நாள் இருந்தாலே, நோயுற்ற ஈரலில் மாறுவது போல் மாறத் தொடங்கும். ஈரலணுவோ உறவைப் பிரிந்த ஏக்கத்தால் தொழிலை மறந்தாற்போலத் தன் தனித்திறமைகளை நாளுக்கு நாள் இழக்கும். நொதி, அணுவின் மேற்றோல் அடையாளங்கள் சிலவற்றையும் அறுத்துவிடும். எனவே கலத்திற் கண்டதையெல்லாம் உடலிலும் உண்மையென்று நம்பிவிடாமல், ஆராய்ச்சியாளர் வேறு வழிகளாலும் சரி பார்க்கின்றனர். 2018-ம் ஆண்டில் கானடா அறிஞர்கள், ஐந்து மனித ஈரல்களிலிருந்து பிரித்த 8,444 அணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 20 கூட்டங்களாக வகுத்தனர். நால்வகை என்று எண்ணியிருந்த இடத்தில் ஒரு நகரமே இருந்தது!

அந்த மனித ஈரல்கள் எங்கிருந்து வந்தன? கட்டியை நீக்கும்போது உடன் அறுக்கப்படும் நல்ல பகுதியிலிருந்தும், இறந்தோர் உறவினர் மனமுவந்தளித்த உறுப்புக்களிலிருந்தும் ஆராய்ச்சிக்கு ஈரல் கிடைக்கிறது. சாகும் உடலைச் சுட்டுச் சாம்பலாக்குமுன் பிறர்க்கு ஈயும் இக்கொடையினும் பெரிய தானத்தை எந்தச் சாஸ்திரமும் விதித்ததில்லை.

காய்ச்சலும் காமாலையும்

மலாயாத் தோட்டங்களில் காடழித்த முதல் தலைமுறையினரைக் குளிர்காய்ச்சல் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1901-ம் ஆண்டில் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்க முற்பட்டது வரலாறு. ஆயின் கொசு கடித்த பின், இரத்தத்தில் கிருமி தோன்றுமளவும் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1948-ம் ஆண்டில் ஷார்ட்டும் கார்ன்ஹாமும் அது ஈரலணுவுக்குள் ஒளிந்து பெருகுவதைக் குரங்கிற் கண்டனர். ஷார்ட், சென்னைக் கிண்டியிலுள்ள கிங் ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்னர்த் தலைவராயிருந்தவர். பின்னர் 1984, 1985-ம் ஆண்டுகளில் பாரிஸின் டொமினிக் மாசியே அம்மையாரும் துணைவரும், பிரித்தெடுத்த மனித ஈரலணுக்களிலேயே அக்கிருமிகளை வளர்த்துக் காட்டினர். குணமானதாக எண்ணிய காய்ச்சல் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தால், பேயும் பிசாசும் காரணமல்ல. ஈரலணுவிற் கண்ணுறங்கிய கிருமி விழித்தது என்பதே காரணம்.

காமாலையிலும் இவ்வாறே. பி வகைக் காமாலை நச்சுயிர் எந்த வாயிலின் வழியே ஈரலணுவுக்குள் நுழைகிறது என்பது நெடுநாள் மறைபொருளாயிருந்தது. மனிதனை அன்றி மிகச் சில பிராணிகளின் ஈரலணுக்களே அதற்கு இடங்கொடுக்கும். அவற்றுள் ஒன்று, நம் காடுகளில் அணிலைப் போலத் தாவித் திரியும் மூஞ்சுறு முகத்துச் சிறு பிராணியின் இனம். மலாய் மக்கள் அணிலுக்கு வழங்கும் “தூப்பாய்” என்ற சொல்லைக் கொண்டே, சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1821-ம் ஆண்டில் இவ்வினத்துக்குத் துப்பாயா என்று பெயரிட்டார். 2012-ம் ஆண்டில் பீக்கிங் நகரத்து அறிஞர் வென்ஹூய் லீயின் குழுவினர், இப்பிராணியினத்தின் ஈரலணுக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்து, அந்த வாயிலைக் கண்டுவிட்டனர். பித்த உப்புக்களை உள்ளே இழுக்கும் கதவையே நச்சுயிரும் பயன்படுத்திக் கொள்கிறது. அக்கதவை அடைக்கும் மருந்தொன்று, பி வகையோடு சேர்ந்தே வரும் டி வகைக் காமாலைக்கென 2020-ம் ஆண்டில் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. காமாலைக்கு மந்திரித்துக் கயிறு கட்டியோர் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் காணாத வாயில் இது. சிங்கப்பூர் 1987-ம் ஆண்டிலும் மலேசியா 1989-ம் ஆண்டிலும் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் பி வகைக் காமாலைத் தடுப்பூசியை விதித்தன. அதனை எந்தப் பெற்றோரும் தட்டிக்கழிக்கலாகாது.

விதியா, வினாவா?

இறுகிப்போன ஈரல் இளகாது என்பதே முன்னோர் முடிவு. “தலையெழுத்து” என்று சொல்லி நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து அழுவோம். 1998-ம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஐரடேலும் துணைவரும், நஞ்சூட்டி வடுவுண்டாக்கிய எலிகளில் நஞ்சை நிறுத்தியதும், வடு நெய்த நட்சத்திர அணுக்கள் தாமே மடிந்து வடு கரைவதைக் கண்டனர். எலிக்கு மட்டுமா இந்நலம்? 2013-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், பி வகைக் காமாலையால் ஈரல் இறுகிய 96 பேர் ஐந்தாண்டு மருந்துண்டபின், அவர்களுள் 71 பேருக்குச் சிரோசிஸ் நீங்கியிருந்தது. தலையெழுத்து நூற்றுக்கு எழுபத்துநான்கு பேருக்கு அழிந்தது! எஞ்சியோருக்கு அழியவில்லை என்பதையும் கருதுக. முற்றிய வடு எளிதில் மாறாது. காலத்தே செய்வது பெரிது.

வெள்ளையர் காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. உழைத்த கூலி மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. வயிறு வீங்கி மாண்டவனைப் பார்த்து “செய்வினை” என்றனர் சிலர். “முன்வினை” என்றனர் வேறு சிலர். செய்தது செய்வினையுமன்று, முன்வினையுமன்று. குடித்த குடியும், அக்குடியால் வெகுண்டெழுந்த ஒரு நுண்ணணுவுமே. காரணம் அறியப்பட்டது, காரணத்தை நீக்கினால் பல வேளைகளில் காரியமும் நீங்குமென்று காட்டப்பட்டது. குடிப்பவன் இன்று நிறுத்தினால் அவன் ஈரல் அவனுக்காக நாளைக்கே வேலை தொடங்கும்.

பாபிலோனியப் பூசாரி ஈரலைக் கையிலேந்தி, “எனக்கு என்ன நேரும்?” என்று கேட்டான், ஈரல் வாய் திறக்கவில்லை. பின்வந்தோர் அதே ஈரலைக் கோடி அணுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிடமும், “நீ செய்வது என்ன?” என்று கேட்டனர், அது விடை சொல்லிற்று. நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டுவது அந்த இரண்டாவது கேள்வியையே.